வெண்டெல் ஸ்காட்: கோப்பைக்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகள்

கேள்வி இது: அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய ஓட்டுநர் வெண்டெல் ஸ்காட் கள்ளச்சாராயம் கடத்தித்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாரா? 1963-இல் அவர் பெற்ற வெற்றியை மறைத்தது உண்மையா? அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவர் நல்ல ஓட்டுநர்தானா, அல்லது இனப்பாகுபாட்டின் அடையாளமாக மட்டும் போற்றப்படுகிறவரா?

முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஆம் என்றே சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் டான்வில் நகரில் அவர் பிறந்ததைச் சொல்லிவிட்டு நேராக 1963 டிசம்பருக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் 1952 முதல் 1961 வரை வர்ஜீனியாவின் சிறிய மண்தடங்களில் அவர் ஓட்டிய ஆண்டுகளைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல முடியாது. ஆகவே அந்த ஆண்டுகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்காட் 1921 ஆகஸ்ட் 29 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கு எல்லையில் உள்ள டான்வில்லில் பிறந்தார். 1865-இல் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் தென்மாநிலக் கூட்டமைப்பின் அரசு ரிச்மண்டைக் கைவிட்டு ஓடிவந்து ஒரு வாரம் தங்கிய ஊர் அது. அந்த நினைவைப் பெருமையாகக் காத்துவந்த ஊரும்கூட. பஞ்சாலையும் புகையிலை ஆலையும்தான் அங்கே பிழைப்பு. அவற்றில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை கடினமான, கூலி குறைந்த வேலைகளே. ஸ்காட்டின் தந்தையோ வசதியான இரண்டு வெள்ளைக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். எஞ்சினைக் கழற்றி மாட்டும் கைப்பழக்கம் மகனுக்கு அவரிடமிருந்தே வந்தது. சிறுவனாக இருந்தபோது ஸ்காட் சைக்கிளில் வெள்ளைச் சிறுவர்களோடு போட்டியிட்டு ஓட்டியிருக்கிறார். ஆலையில் மேஸ்திரியின் கீழ் கைகட்டி நிற்பதில்லை என்று இளமையிலேயே தீர்மானித்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவர் சொன்னது, அவருடைய வாழ்க்கையின் எல்லா முடிவுகளுக்கும் பொருந்துகிறது. பள்ளிப் படிப்பை முடிக்காமல் டாக்சி ஓட்டினார். 1943-இல் மேரி கோல்ஸை மணந்தார். இரண்டாம் உலகப்போரில், கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து வைத்திருந்த அமெரிக்க ராணுவத்தில் ஐரோப்பாவில் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியதும் சொந்தமாகக் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார்.

பட்டறை வருமானம் போதாதபோது கள்ளச்சாராயம் ஏற்றினார். இதைச் சொல்லும்போது நம் வாசகர்கள் மனத்தில் எழும் படத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். அப்பலாச்சிய மலையடிவாரத்தில் சாராயம் காய்ச்சுவது தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பத் தொழில். அதில் சட்டம் கண்ட முதன்மையான குற்றம் வரி கட்டாமை. காய்ச்சியதை இரவோடிரவாக நகரத்துக்குக் கொண்டுசேர்க்கப் பார்வைக்குச் சாதாரணமான, ஆனால் உள்ளே எஞ்சின் பலப்படுத்தப்பட்ட கார் தேவைப்பட்டது. சரக்கின் பாரத்தால் பின்பகுதி தாழ்ந்துவிட்டால் காவலர் கண்ணில் பட்டுவிடும் என்பதால் பின்சக்கர ஸ்பிரிங்குகளை விறைப்பாக்கினார்கள். காலிக் காராகத் திரும்பும்போது அதே விறைப்பான ஸ்பிரிங் வளைவுகளில் அசாதாரணப் பிடிப்பைக் கொடுத்தது. கடையில் வாங்கக்கூடிய காரின் உருவத்திலேயே பந்தயக் காரை அமைக்கும் ஸ்டாக் கார் பந்தயம் தென்மாநிலங்களில் வேரூன்றியதில் இந்தக் கார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பில் ஃபிரான்ஸ் 1948-இல் நிறுவிய நாஸ்கார் அமைப்பு, தன் தலைமைப் பிரிவின் முதல் பந்தயத்தை 1949 ஜூன் 19 அன்று ஷார்லட்டில் நடத்தியபோது, முதலாவதாக வந்த கிளென் டனவேயின் கார் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. காரணம், சாராயக் கடத்தலுக்காக மாற்றப்பட்டிருந்த பின் ஸ்பிரிங்குகள். வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது.

ஸ்காட் ஒரே ஒருமுறை, 1949-இல், பிடிபட்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அதன் பிறகும் அவர் அந்தத் தொழிலை உடனே விட்டுவிடவில்லை. வெள்ளையரான ஜூனியர் ஜான்சன் 1956-இல் தந்தையின் சாராய அடுப்பருகே பிடிபட்டுப் பதினோரு மாதம் சிறையில் இருந்தவர். பின்னர் நாஸ்காரின் மாபெரும் நாயகர்களில் ஒருவரானார், 1986-இல் அதிபர் ரேகன் அவருக்கு மன்னிப்பும் வழங்கினார். ஆகவே கடத்தல் பின்னணி அந்த விளையாட்டில் எவருக்கும் தடையாக இருந்ததில்லை. ஸ்காட்டுக்குத் தடையாக இருந்தது எது என்பது 1952-இல் தெரிந்தது.

அந்த ஆண்டு டான்வில் கண்காட்சி மைதானத்துத் தடத்தில் பந்தயங்கள் நடத்திய 'டிக்ஸி சர்க்யூட்' என்ற அமைப்புக்குக் கூட்டம் போதவில்லை. நாஸ்காரோடு போட்டியிட முடியாத சிறிய அமைப்பு அது. கறுப்பின ஓட்டுநர் ஒருவரை இறக்கினால் வேடிக்கை பார்க்கவாவது ஆட்கள் வருவார்கள் என்று அதன் அமைப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஊரிலேயே வேகமாக ஓட்டும் கறுப்பர் யார் என்று அவர்கள் விசாரித்தது காவலர்களிடம். காவலர்கள், தாங்கள் துரத்தித் துரத்திப் பிடிக்க முடியாமல் போன சாராய ஓட்டுநரின் பெயரைச் சொன்னார்கள். மே 23 அன்று, கடத்தலுக்குப் பயன்படுத்திய ஒரு காரிலேயே, தம் முப்பதாவது வயதில் ஸ்காட் முதல் பந்தயத்தில் இறங்கினார். பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். கார் பாதியில் பழுதாகி நின்றது.

அவரைப் 'பந்தய உலகின் ஜாக்கி ராபின்சன்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. மரியாதையான பட்டம்தான், ஆனால் எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. 1947-இல் ராபின்சன் பேஸ்பாலின் இனத்தடையை உடைத்தபோது அவருக்குப் பின்னால் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியும், திட்டமிட்டு அவரைத் தேர்ந்தெடுத்த பிராஞ்ச் ரிக்கியும், மாதச் சம்பளமும் இருந்தன. ஸ்காட்டை அழைத்தவர்களுக்கோ நுழைவுச்சீட்டு விற்பனை ஒன்றே நோக்கம். முதல் நாள் கார் பழுதான பிறகு அவர் வீட்டுக்குப் போயிருந்தால் எவரும் தேடி வந்திருக்க மாட்டார்கள்.

அவர் காரைச் சரிசெய்துகொண்டு, வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்கு அதை இழுத்துச் சென்றார். கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் கண்ணீர் வந்ததென்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து ஹை பாயிண்ட் என்ற ஊரில் மறுபடி முயன்றார். அங்கே கார் ஓடலாம், ஆனால் ஒரு வெள்ளையர் ஓட்டட்டும் என்றார்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. நாஸ்காரை விட்டு விலகி, டிக்ஸி சர்க்யூட்டிலும் அதுபோன்ற சிறு தடங்களிலும் ஓட்டுவதென்று அப்போது முடிவெடுத்தார். பந்தய வாழ்க்கை தொடங்கிய பன்னிரண்டே நாளில் லிஞ்ச்பர்க் நகரில் முதல் வெற்றி கிடைத்தது. புதியவர்களுக்கான பிரிவில் நடந்த குறுகிய ஓட்டம்தான் அது, ஆனாலும் வெற்றி வெற்றியே.

அடுத்த சில ஆண்டுகளில் வாரத்துக்கு ஐந்து பந்தயங்கள் வரைகூட அவர் ஓட்டினார். பகலில் பட்டறையில் அடுத்தவர் காரைப் பழுதுபார்ப்பதும், மாலையில் சொந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வர்ஜீனியாவின் ஏதோ ஒரு மண்தடத்துக்குப் போவதும், நள்ளிரவில் வளைந்த தகட்டோடு திரும்புவதுமாக வாழ்க்கை ஓடியது. கறுப்பினத்தவருக்கு இடம் தரும் உணவகமும் விடுதியும் வழியில் அரிது. தடத்திலோ வேண்டுமென்றே வந்து மோதுகிறவர்கள் உண்டு. மோதினால் பதிலுக்கு மோதுவது அந்த விளையாட்டின் வழக்கம். பல ஓட்டுநர்களின் புகழே அப்படி வந்ததுதான். ஸ்காட்டால் அது முடியாது. ஒரு வெள்ளை ஓட்டுநரைச் சுவரில் மோதவைத்தால், கூட்டம் முழுவதும் எதிராகத் திரும்பிவிடும். அடுத்த வாரம் அனுமதி மறுக்க அமைப்பாளருக்கும் காரணம் கிடைத்துவிடும். அதைவிட முக்கியமானது செலவு. உடைந்த பாகத்தை மாற்றப் பணம் தரும் முதலாளி அவருக்கு இல்லை, சரிசெய்து கொடுக்கச் சம்பள மெக்கானிக்கும் இல்லை. எனவே மோதலிலிருந்து விலகி வளைவில் இடைவெளி தேடுவதும், எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்பதைக் காதாலேயே அளந்து ஓட்டுவதும், எப்படியாவது காரை முழுதாக வீடு கொண்டுசேர்ப்பதும் அவருடைய ஓட்டுமுறை ஆயின. இதைத் துணிச்சல் போதாமை என்று படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மெக்கானிக்கே ஓட்டுநராகவும் உரிமையாளராகவும் இருக்கும்போது வேறு எப்படி ஓட்ட முடியும் என்பதுதான் என் கேள்வி.

இந்த ஓட்டுமுறையே காலப்போக்கில் அவருக்கு நண்பர்களையும் ரசிகர்களையும் தேடித்தந்தது. வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைப் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் அவருக்காகக் கைதட்டத் தொடங்கினார்கள். சக ஓட்டுநர்களில் சிலர் உதிரிப் பாகங்கள் கொடுத்து உதவினார்கள், தகராறு வந்தால் அவர் பக்கம் நின்றார்கள்.

நாஸ்கார் உரிமம் கிடைத்த விதமும் சுவையானது. 1953 அளவில் ஸ்காட் ரிச்மண்ட் தடத்துக்குக் காரை இழுத்துச் சென்று, அங்கே பகுதிநேர மேற்பார்வையாளராக இருந்த மைக் போஸ்டன் என்பவரிடம் உரிமம் கேட்டார். போஸ்டனுக்குப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது, ஆனால் உரிமம் எழுதிக் கொடுக்கும் உரிமை இருந்தது. வரப்போகும் தொல்லைகளுக்குத் தயாராக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். தலைமையகத்தைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஒரு பெரிய அமைப்பின் இனத்தடை, அதன் கடைநிலையில் இருந்த ஒருவருடைய கையெழுத்தால் ஓசையில்லாமல் தளர்ந்தது.

அதையடுத்து, 1954-இல், வட கரோலினாவின் ராலே நகரில் ஸ்காட் முதன்முறையாகப் பில் ஃபிரான்ஸை நேரில் சந்தித்தார். தொலைவிலிருந்து வந்த வெள்ளை ஓட்டுநர்களுக்குப் பெட்ரோல் செலவுக்குப் பணம் கொடுத்த அமைப்பாளர் ஒருவர், ஸ்காட்டுக்கு மட்டும் மறுத்துவிட்டார். ஸ்காட் நேராக ஃபிரான்ஸிடம் போய் முறையிட, அவர் தம் சட்டைப்பையிலிருந்தே பணம் எடுத்துக் கொடுத்து, நாஸ்கார் உறுப்பினருக்குரிய மரியாதை எப்போதும் கிடைக்கும் என்று உறுதி சொன்னார். இந்தச் சம்பவத்தை ஃபிரான்ஸின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அன்றைய செயல் நல்ல செயல்தான். ஆனால் அந்த உறுதிமொழி எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவில்லை. தென் கரோலினாவின் புகழ்பெற்ற டார்லிங்டன் தடம், ஸ்காட் தலைமைப் பிரிவுக்கு வந்த பிறகும் சில ஆண்டுகள் அவரை ஓடவிடாமல் வைத்திருந்தது. நாஸ்கார் அதைத் தட்டிக்கேட்கவில்லை.

வர்ஜீனியாவின் உள்ளூர்ப் பந்தயங்களில் 'ஸ்போர்ட்ஸ்மன்' என்ற பிரிவு அன்று மிகுந்த போட்டி நிறைந்தது. பழைய கார்களைச் சொந்தக் கைத்திறனால் வலுப்படுத்தி ஓட்டுகிறவர்கள் அதில் வாரந்தோறும் மோதிக்கொண்டார்கள். 1959-இல் ஸ்காட் ரிச்மண்டின் சவுத்சைட் தடத்தின் சாம்பியன் பட்டத்தையும், நாஸ்காரின் வர்ஜீனியா மாநில ஸ்போர்ட்ஸ்மன் பட்டத்தையும் ஒருசேர வென்றார். கீழ்நிலைப் பந்தயங்களில் அவர் பெற்ற வெற்றிகள் நூற்றுக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சம பலமுள்ள காரில், பழகிய தடத்தில், அவர் வெல்லத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவர் நல்ல ஓட்டுநர்தானா என்ற சந்தேகம் எழுவதே, 1959-ஐ விட்டுவிட்டு 1961-க்குப் பிந்தைய புள்ளிவிவரங்களை மட்டும் பார்ப்பதால்தான்.

(வர்ஜீனியாவின் தடங்களைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. டான்வில்லிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள மார்ட்டின்ஸ்வில் தடத்தில்தான் நம் நரேன் கார்த்திகேயன் 2010 மார்ச்சில் நாஸ்காரின் டிரக் பந்தயப் பிரிவில் அறிமுகமாகிப் பதின்மூன்றாவதாக வந்தார். ஸ்காட்டும் பலமுறை ஓட்டிய தடம் அது.)

1961 மார்ச் 4 அன்று, தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில், நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலில் ஸ்காட் காலெடுத்து வைத்தார். அப்போது அவருக்கு 39 வயது. பலர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயது. அந்தப் பிரிவில் முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கார் நிறுவனங்களிடமிருந்து எஞ்சினும் பாகங்களும் பணமும் வந்துகொண்டிருந்தன. ஸ்காட்டுக்குப் பிறர் ஓட்டிக் கழித்த கார்கள், பிறர் கழற்றிப் போட்ட டயர்கள், உதவிக்குத் தம் பிள்ளைகள். மகன்கள் வெண்டெல் ஜூனியரும் ஃபிராங்கும் சிறுவயதிலேயே, பந்தயத்தின் நடுவே கார்கள் நின்று செல்லும் 'பிட்' பகுதியில் டயர் மாற்றினார்கள். இந்த நிலையிலும் 1962-இல் சவானா தடத்தில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்து முன்வரிசையில் நின்றார்.

இனி 1963. அந்த ஆண்டு ஜூன் 10 அன்று, டான்வில்லில் சம உரிமை கேட்டுக் கூடியவர்களைக் காவல்துறை தடியாலும் தீயணைப்புக் குழாய் நீராலும் தாக்கியது. அதே ஊர்க்காரர் டிசம்பர் 1 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில்லில், அரை மைல் மண்தடத்தில், நெட் ஜாரட்டிடமிருந்து வாங்கிய பழைய செவ்ரோலே காரில், 34 என்ற எண்ணோடு இறங்கினார். 200 சுற்றுப் பந்தயம். சுமார் 25 சுற்று மீதமிருக்கையில், கோளாறான காரோடு போராடிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியை முந்தினார். 200 சுற்றை முடித்தபோது, வெற்றியாளருக்குப் பந்தய முடிவைக் காட்டும் கொடி அசையவில்லை. அவர் தொடர்ந்து ஓட்டினார். கொடி பக் பேக்கருக்கு அசைந்தது, கோப்பையும் அவருக்கே போனது. ஸ்காட் முறையிட்டார். சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு, அவர் இரண்டு சுற்று முன்னிலையில் இருந்ததாக அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் பேக்கர் கோப்பையோடு போய்விட்டார்.

எழுத்துப்பிழை போன்ற எளிய கணக்குத் தவறா, திட்டமிட்ட செயலா? அக்காலத்தில் சுற்றுகளை மனிதர்கள் தாளில் குறித்துத்தான் எண்ணினார்கள். குழப்பம் அடிக்கடி நேர்ந்தது. 1959-இல் நடந்த முதல் டேடோனா 500 பந்தயத்தின் வெற்றியாளரை உறுதிசெய்யவே மூன்று நாள் ஆனது. ஆகவே தவறுக்கு வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டேடோனாவில் பத்திரிகைகளிடம் படம் கேட்டு வாங்கிப் பகிரங்கமாகத் திருத்தினார்கள். ஜாக்சன்வில்லில் காலி மைதானத்தில் திருத்தினார்கள். வெற்றி மேடையில் வெள்ளை அழகி ஒருத்தி வெற்றியாளரை முத்தமிடும் வழக்கம் இருந்ததால், அந்தக் காட்சியைத் தவிர்க்கவே இப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட் கடைசிவரை நம்பினார். உரிய கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்திடம் 2021 ஆகஸ்டில்தான் முறைப்படி வழங்கியது. அவர் 1990 டிசம்பர் 23 அன்றே இறந்துவிட்டார். சில பட்டியல்களில் இந்த வெற்றி 1964 என்று இருப்பது பிழையல்ல. அன்று பந்தயப் பருவம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடும்.

பிந்தைய ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1966-இல் ஆண்டுப் புள்ளிப்பட்டியலில் ஆறாவது இடம். மொத்தம் 495 பந்தயங்கள், முதல் பத்துக்குள் 147 முறை, முதல் ஐந்துக்குள் 20 முறை, வெற்றி ஒன்று. வெற்றி எண்ணிக்கையைப் பார்த்தால் சாதாரண ஓட்டுநராகத் தெரிவார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தில், கழிக்கப்பட்ட காரோடு முதல் பத்துக்குள் வந்தவர் என்று பார்த்தால் வேறு மனிதர் தெரிவார். டிக்ஸி சர்க்யூட் நாட்களின் அதே ஓட்டுமுறை, அதே சிக்கனம். அந்தச் சிக்கனத்தை மீறிக் கடன் வாங்கி ஒரு நல்ல மெர்க்குரி காரை அவர் வாங்கியது 1973-இல். அந்த மே மாதம் டாலடேகாவில் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் சிக்கிய விபத்தில் இடுப்பெலும்பும் விலாவும் முறிந்தன. அக்டோபரில் ஷார்லட்டில் ஒரே ஒருமுறை திரும்பி வந்து பன்னிரண்டாவதாக முடித்ததோடு பந்தய வாழ்க்கை நிறைவுற்றது. 2015-இல் நாஸ்காரின் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.

கேள்வியில் நேரடியாக இல்லாவிட்டாலும், அடிக்கடி காணப்படும் ஒரு தவறையும் திருத்திவிடுகிறேன். உச்சப் பிரிவில் ஓட்டிய முதல் கறுப்பினத்தவர் ஸ்காட் அல்லர். கலிபோர்னியாவில் 1955-இல் எலியாஸ் போவியும், டேடோனா கடற்கரைத் தடத்தில் 1956-இல் சார்லி ஸ்காட்டும் ஒவ்வொரு பந்தயம் ஓட்டியிருக்கிறார்கள். முழுநேரமாக ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களிலும் வென்றவர்களிலும்தான் வெண்டெல் முதல்வர். அவருக்கு அடுத்து அந்தப் பிரிவில் வென்ற கறுப்பின ஓட்டுநர் பப்பா வாலஸ். ஆண்டு 2021, இடம் டாலடேகா, ஓட்டியது மைக்கேல் ஜோர்டானும் டெனி ஹாம்லினும் சேர்ந்து நடத்தும் குழுவின் கார். அன்று ஜோர்டானின் பெயர் உரிமையாளராகப் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் ஜாக்சன்வில்லில் வென்ற செவ்ரோலேவின் உரிமையாளரும் வெண்டெல் ஸ்காட்டேதான்; கறுப்பின உரிமையாளர் ஒருவரின் வெற்றி என்ற வகையிலும் அது முதல் வெற்றி.